வாசகர் கேள்வி பதில்: பந்து உதைக்காத செயலாளர்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்ட அணி ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். என் மகளும் ஆடுகிறாள். போன கூட்டத்தில் என்னைப் பிடித்துச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். நான் கொழுந்து எடுக்கிற ஆள், பந்தைக் காலால் தொட்டதே இல்லை. இது சரிவருமா?
- ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தாராளமாகச் சரிவரும். ஆட்டம் தெரிந்தவர்கள் நாலு பேர் எங்கேயும் கிடைப்பார்கள், ஒரு கடிதம் போட்டுவிட்டுப் பதில் வரும்வரை விடாமல் நடக்கிற ஆள்தான் கிடைப்பதில்லை.

இங்கிலாந்துக் கதை ஒன்று சொல்கிறேன். 1920ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு மறுநாள் லிவர்பூலில் நடந்த பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரிலேயே அந்த நாட்டு உதைபந்தாட்டச் சங்கம், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் கீழுள்ள கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. ஏறக்குறைய 50 வருடம் அந்தத் தடை இருந்தது. 1967இல் லண்டனில் பட்ரிஷியா கிரெகரி என்ற 19 வயதுப் பெண், பெண்கள் ஏன் உதைபந்தாடுவதில்லை என்று கேட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் அணியில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகள் பதில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், அவரிடமோ அணி என்று ஒன்றுமே இல்லை! சரி, கேட்டாகிவிட்டது என்று அணியைத் தொடங்கிவிட்டு மைதானம் கேட்கப் போனபோதுதான் அப்படியொரு தடை இருப்பதே அவருக்குத் தெரியவந்தது. 1969இல் 44 கழகங்கள் சேர்ந்து பெண்கள் சங்கம் அமைத்தபோது அதிலும் இருந்தார், அப்புறம் பல வருடம் சம்பளமில்லாமல் அதன் செயலாளர் வேலையைப் பார்த்தார்.

இன்னொருவர் ஹல் நகரத்து ஃப்ளோ பில்டன். அவரும் அந்தச் சங்கத்துக்காக நெடுங்காலம் உழைத்தவர். 1972 நவம்பரில் இங்கிலாந்துப் பெண்கள் அணி தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தில் ஸ்கொட்லாந்தை 3-2 என்று வென்றது. நாட்டுக்காக ஆடுகிறவர்களுக்குத் தொப்பி கொடுப்பது அங்கே வழக்கம், பெண்களுக்குக் கொடுக்க ஆண்கள் சங்கம் முன்வரவில்லை. ஃப்ளோ தன் கையாலேயே தைத்துக் கொடுத்தார். கோல் அடித்தவரை நாலு பேர் தோளில் தூக்குவார்கள், தொப்பி தைத்தவரை யார் தூக்குகிறார்கள்?

உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் மைதானம். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பையன்கள் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே துரையிடம் வாய்ப்பேச்சோடு நிற்காமல், இந்தக் கிழமை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை பெண் பிள்ளைகளுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி போகட்டும். சிங்களத்தில் எழுத வேண்டி வந்தால் பாடசாலை டீச்சர் யாரையாவது பிடியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். வயதுப் பிரிவுப் போட்டி என்றால் இது இல்லாமல் நடக்காது. நம் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு எழுத்து என்று இருப்பது சாதாரணம், போட்டிக்கு முதல் நாள் ராத்திரி அதைக் கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? இன்றே எல்லாப் பிரதிகளையும் வாங்கி ஒரு கோப்பில் போடுங்கள். பயிற்சியாளர் ஆணாக இருந்தால் பெரிய பெண்கள் இரண்டு பேராவது மைதானத்தில் இருக்க வேண்டும், இதில் முகதாட்சண்யமே பார்க்காதீர்கள். பிள்ளை விழுந்து கால் வீங்கினால் என்ன செய்வது என்பதும் உங்கள் வேலைதான்: அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கம், காசு கேட்க மாட்டார்கள். அட்டைக்கு உப்புப் பொட்டலம் கொண்டுபோகச் சொல்லித் தரத் தேவையில்லை.

கேள்வி: எங்களுக்குக் கிடைத்த சமதரை பாதி மைதானம்கூட இல்லை. ஓரத்தில் சரிவு, பந்து தேயிலைக்குள் ஓடிவிடுகிறது. இதில் பழகி என்ன பயன்?
- ஒரு வாசகர், ஹப்புத்தளை

பதில்: விதிப்படி மைதான நீளம் 90 முதல் 120 மீட்டர். நம் மலையில் அதை எங்கே போய்த் தேடுவது! அணிக்கு ஐந்து பேர், ஏழு பேர் என்று ஆடுங்கள். இடம் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி வரும், பழகுகிறவர்களுக்கு அது நல்லதுதான். கோல் கம்பத்தைச் சரிவுப் பக்கம் நடாதீர்கள், சரிவோரத்தில் பழைய வலை ஒன்றைக் கட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 4ஆம் இலக்கப் பந்து போதும்.

கேள்வி: அணி வேலையாக ஹட்டனுக்குப் போய்வர பஸ் காசு, ஃபோன் ரீலோட் எல்லாம் என் கையிலிருந்தே போகிறது. கழகக் காசில் எடுத்தால் ஊர் என்ன சொல்லும்?
- ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: ஊர் எப்படியும் சொல்லும். உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறீர்கள், நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டுப் போகிறீர்கள், அதற்கு மேல் பஸ் காசையும் உங்கள் வீட்டு அரிசியிலிருந்தா எடுப்பது? கழகக் காசில் எடுங்கள். டிக்கெட்டைக் கொப்பியில் ஒட்டி, திகதி போட்டு, எதற்காகப் போனீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். காசை வைத்திருப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும், மாதக் கூட்டத்தில் கணக்கை அவரே எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கட்டும்.