ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் புல்லாங்குழல் சொனாட்டாக்கள் (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்புகள்): ஒரு பதிப்பில் நான்கு, இன்னொன்றில் ஏழு. எது சரி?

இரண்டும் சரிதான். பாக்கின் படைப்புப் பட்டியலில் (BWV) 1030, 1032, 1034, 1035 என்ற எண்கள் கொண்ட நான்கில் பெரிய சண்டை இல்லை. 1020, 1031, 1033 மூன்றும் பாக் எழுதியவைதானா என்பதில்தான் சந்தேகம். 1963-இல் வந்த புதிய பாக் தொகுப்பின் (அவருடைய படைப்புகளின் ஆய்வுப் பதிப்பு) புல்லாங்குழல் பகுதி அவற்றைச் சேர்க்கவே இல்லை.

சுவாரஸ்யமானது 1032-இன் கதை. இரண்டு ஹார்ப்சிகார்டுக்கான (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) கான்செர்ட்டோ ஒன்றை, அதாவது தனி வாத்தியங்கள் இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு ஒன்றை, எழுதிய தாள்களின் அடியில் மிஞ்சிய வரிகளில் பாக் இதை எழுதினார் (காகிதத்தை வீணாக்காத மனிதர்!). பிற்பாடு யாரோ சில தாள்களின் அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட, முதல் பகுதியில் சுமார் 46 பார்கள் (தாளக் கட்டங்கள்) போய்விட்டன. அந்த இடத்தை இன்று நிரப்பியிருப்பது பதிப்பாசிரியரின் ஊகம்தான்.

அப்புறம், 1034, 1035 இரண்டிலும் பாக் தந்தது புல்லாங்குழல் வரியும், எண் குறித்த பேஸ் வரியும் (மேலே என்ன சுரங்களைச் சேர்ப்பது என்று எண்களால் காட்டும் கீழ்க்குரல் வரி) மட்டுமே. ஹார்ப்சிகார்டின் வலக்கைக்கு அச்சிட்டிருப்பது பதிப்பாசிரியர் போட்டது. பிடிக்காவிட்டால் தாராளமாக மாற்றி வாசிக்கலாம். வாங்கும்போது முன்னுரையையும் பின்குறிப்பையும் புரட்டுங்கள். எது மூலம், எது சேர்த்தது என்று பிரித்துச் சொல்லாத பதிப்புக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.