ஹெட்செட்டுக்குள்ள புள்ளி எங்க போச்சு?

கேள்வி: காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கோயிலை விஆர்ல சுத்திப் பாக்கற மாதிரி பண்ணிருக்கோம், சிற்பத்துக்குப் பக்கத்துல தமிழ்ல விளக்கப் பலகை. லேப்டாப்ல அழகா இருக்கு, குவெஸ்ட் 3ங்கற விஆர் ஹெட்செட்ட மாட்டிப் பாத்தா எழுத்து மினுமினுங்குது, புள்ளி தெரியல, சில இடத்துல கொம்பு வேற இடம் மாறி நிக்குது. ஃபான்ட்ட மாத்தணுமா சார்?
- வாசகர், கோவை

பதில்: மாத்தலாம், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. போனை ஒரு அடி தள்ளிப் பிடிச்சா கண்ணு பாக்கற கோணத்துல ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 80 பிக்சல் கிடைக்குது, நீங்க சொல்ற ஹெட்செட்ல கிடைக்கறது 25 தான். அரை டிகிரி உயரத்துல ஒரு ‘ல்’ போட்டா மொத்த எழுத்துக்கே 12 பிக்சல், அதுல புள்ளிக்கு ரெண்டு வந்தா பெருசு, தலைய லேசா ஆட்டினா அதுவும் போச்சு. ‘பல் வலி’ ‘பல வலி’ ஆயிடும். இங்கிலீஷ்ல ஐக்கு மேல இருக்கற புள்ளி போனா யாருக்கும் நஷ்டமில்ல, நமக்கு அர்த்தமே போயிடுது.

அதனால பாயிண்ட் சைஸ்ல யோசிக்காதீங்க, தூரத்தோட சேத்து யோசிங்க. கூகுள்காரங்க 2017ல இதுக்குன்னே டிஎம்எம்னு ஒரு அளவு சொன்னாங்க, 1 மீட்டர்ல 1 மில்லிமீட்டர், 2 மீட்டர்ல 2 மில்லிமீட்டர், அவ்ளோதான். எழுத்து ஒரு டிகிரி உயரம் தெரியணும்னா 1 மீட்டர்ல ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர் உயரம், பலகை 2 மீட்டர் தள்ளி இருந்தா மூணரை. இடம் பத்தலன்னா வாசகத்த வெட்டுங்க, எழுத்தக் குறைக்காதீங்க (ப்ராஜெக்ட் கைடு திட்டினா திட்டட்டும்).

ஃபான்ட்னு பாத்தா கோடு ஒரே தடிமனா, புள்ளி கொழுகொழுன்னு, எழுத்துக்குள்ள வெள்ளை இடம் தாராளமா இருக்கணும். முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி, அதுலயும் மீடியம் வெயிட், அதாவது நடுத்தரத் தடிமன். மெலிசான வெயிட் வேண்டவே வேண்டாம், மினுமினுப்பு அதனால அதிகமாகும். கறுப்புல பளிச் வெள்ளையும் வேண்டாம், கண்ணு கூசும்.

கொம்பு விஷயத்துல பாவம், ஃபான்ட் மேல தப்பில்ல. கம்ப்யூட்டர்ல ‘கே’ங்கறது முதல்ல க, அப்பறம்தான் இரட்டைக் கொம்பு, அதை முன்னாடி தூக்கி வைக்கறது ஷேப்பிங்னு தனி வேலை. நீங்க விஆர் செய்யற மென்பொருள்ல, அதாவது கேம் எஞ்சின்ல, இருக்கற டெக்ஸ்ட் கருவி அத செய்யலன்னா ‘கேள்வி’ல கொம்பு பின்னாடி போய் ள் மேல ஒட்டிக்கும். ஹார்ஃப்பஸ்னு ஷேப்பிங் செய்யற மென்பொருள் சேத்த ப்ளக்இன் போடுங்க, முடியலன்னா பலகைய படமாவே செஞ்சு ஒட்டிடுங்க, மாறாத வாசகம்தானே, தப்பில்ல.

டெஸ்ட்டுக்கு உங்க கண்ண நம்பாதீங்க, எழுதினவருக்கு வரி மனப்பாடம். வீட்ல கண்ணாடி போட்ட யாருக்காவது ஹெட்செட்ட மாட்டி சத்தமா படிக்கச் சொல்லுங்க, எந்த எழுத்துல திக்கறாங்கன்னு பேப்பர்ல குறிச்சுக்குங்க.