லீட்ஸில் தூக்கமில்லாமல் தவிக்கும் தங்கைக்கு

தங்கை, இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து மூன்று வாரமாகியும் தூக்கமில்லை, அம்மாவின் குரலைக் கேட்டாலே அழுகை வருகிறது, மலேசியாவுக்கு, நம் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே முடிவெடுக்காதீர்கள். நானும் அதே ஊர்த் தோட்டத்துப் பிள்ளைதான், லீட்ஸில்தான் படித்தேன்.

அப்போது என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டக் கிளம்பும் முன், விடியற்காலை ஐந்தரைக்கு அழைப்பார். எனக்கு அப்போது இரவு பத்தரை. பின்னால் சேவல் கூவும், அம்மா கோப்பி ஆற்றும் சத்தம் கேட்கும். அந்தப் பத்து நிமிடத்தில் மனம் அடங்கிவிடும். நீங்களும் ஒரு வேளையைக் குறித்துக்கொண்டு பேசுங்கள். நினைத்தபோதெல்லாம் அழைத்தால் ஏக்கம்தான் கூடும். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். பிறகு வித்தியாசம் 8 மணி நேரம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகலில் கட்டாயம் வெளியே நடங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், குடும்ப மருத்துவரிடம் பதிந்துவிட்டீர்களா? விசாவோடு மருத்துவக் கட்டணம் கட்டியது அதற்குத்தான். தூக்கம் வராததை அவரிடம் சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டு இரண்டு மாதம் வீணாக்கினேன். நீங்கள் நாளைக்கே போங்கள்.