மூன்று மாதமாக எழுதியும் என் புதிய இணையதளம் கூகுளில் ஏன் தெரியவில்லை?

நாற்பது கட்டுரைகள் எழுதியும் தேடலில் பத்தாம் பக்கத்தில்கூட உங்கள் தளம் வரவில்லை, எழுத்தில்தான் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எழுத்தை நான் படித்ததில்லை. ஆனாலும் கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது என்று துணிந்து சொல்வேன். 2021இல் இதே புலம்பலைப் புலம்பியவன் நான்.

அப்பா திருப்பூரில் தையல் மிஷின் மெக்கானிக். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று பனியன் கம்பெனி மிஷின்கள் எல்லாம் அவர் கைக்கு அடங்கும். அவருக்குத் தெரிந்ததை எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவுமே என்று தளம் ஆரம்பித்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். முதல் இரண்டு மாதங்களில் கூகுளிலிருந்து ஓர் ஆள்கூட வரவில்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தளத்தை உருவாக்க நான் பயன்படுத்திய வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் உண்டு. தளத்தை வடிவமைக்கும்போது அதில் டிக் அடித்தவன் எடுக்க மறந்துவிட்டேன். கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு விருந்தாளி வரவில்லையே என்று திண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த கதை. ஆகவே வேறு எதையும் யோசிக்கும் முன், கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ (site) என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி (:), அதை ஒட்டி உங்கள் தள முகவரி என்று இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்துகளில் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கமும் வராவிட்டால், அநேகமாக நீங்கள் இன்னும் பட்டியலிலேயே சேரவில்லை. பத்தாம் பக்கம், நூறாம் பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

டிக்கை எடுத்த பிறகும் உடனே விடிந்துவிடவில்லை. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் என் பக்கங்களில் பாதிக்கு எதிரே ‘கண்டறியப்பட்டது, தற்போது அட்டவணையில் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி நின்றது. அட்டவணை என்பது நான் மேலே சொன்ன கூகுளின் பட்டியல்தான். முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை என்று அர்த்தம். ‘படிக்கப்பட்டது, ஆனால் அட்டவணையில் இல்லை’ என்று இன்னொரு வகையும் உண்டு. மனம் அதிகமாக வலிப்பது அதில்தான். எல்லாப் பக்கங்களையும் அட்டவணையில் சேர்ப்பதாகக் கூகுள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாத தளத்துக்கு அவர்களுடைய கணினி அடிக்கடி வந்து போகாது.

சரி, அட்டவணையில் சேர்ந்த பிறகும் ஏன் மேலே வருவதில்லை? கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது உருவாக்கி, 1998இல் கட்டுரையாக வெளியிட்ட, பக்கங்களை மதிப்பிடும் பேஜ்ரேங்க் முறைக்குப் பின்னால் ஒரு எளிய எண்ணம் இருந்தது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதை மதிப்பதுபோல, ஒரு பக்கத்துக்குத் தங்கள் தளங்களிலிருந்து யார் யார் இணைப்பு (லிங்க்) கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதிலும் இணைப்புக் கொடுப்பவரின் மதிப்பைப் பொறுத்து அந்த இணைப்புக்கு எடை. இப்போது நூற்றுக்கணக்கான விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றாலும் அந்த அடித்தளம் போய்விடவில்லை. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு மளிகைக் கடைக்காரர் முதல் நாளே பற்று எழுதுவாரா? எதிர் வீட்டுக்காரர் வந்து ‘தெரிந்தவர்தான், கொடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். புதிய தளத்துக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அமெரிக்க அரசு கூகுள்மீது தொடுத்த ஏகபோக வழக்கில், 2023 அக்டோபரில் அந்நிறுவனத்தின் தேடல் பிரிவுத் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சியம் சொன்னார். நேவ்பூஸ்ட் என்ற அமைப்பு 13 மாதங்களுக்கான பயனர் கிளிக்குகளை நினைவில் வைத்துக்கொண்டு, முடிவுகளை வரிசைப்படுத்த உதவுகிறது என்று அப்போது வெளியே வந்தது. நேற்று பிறந்த தளத்துக்கு ஏது கிளிக்? மேலே வந்தால்தான் ஆள் கிளிக் செய்வார். கிளிக் விழுந்தால்தான் மேலே வர முடியும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

புதிய தளங்களைக் கூகுள் வேண்டுமென்றே சில மாதங்கள் ஒதுக்கி வைக்கிறது என்று 2004 வாக்கிலிருந்தே ஒரு பேச்சு உண்டு. ‘சாண்ட்பாக்ஸ்’ என்பார்கள். அப்படி எதுவும் இல்லை என்று கூகுள்காரர்கள் பல முறை மறுத்தார்கள். 2024 மே மாதம் கசிந்த அவர்களுடைய உள் ஆவணங்களிலோ, தளத்தின் வயதைக் குறிக்கும் ஒரு தகவல் கட்டமும், புதிய குப்பைத் தளங்களை ஒதுக்கி வைக்க அது பயன்படுகிறது என்ற ஒரு வரிக் குறிப்பும் இருந்தன. அந்தக் குறிப்பு குப்பையைப் பற்றியது, எல்லாப் புதிய தளங்களையும் பற்றியது அல்ல. என்னைக் கேட்டால், இந்த விவாதத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஒதுக்கி வைத்தாலும் தானாக ஒதுங்கியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது அதே காத்திருப்புதான்.

எவ்வளவு காத்திருப்பு? தேடல் தரவுகளை ஆராயும் ஏஹெச்ரெஃப்ஸ் நிறுவனம் 2017இல் எடுத்த கணக்கில், வெளியான ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு தேடல் சொல்லுக்காவது முதல் பத்து இடங்களுக்குள் வந்த பக்கங்கள் 5.7 சதவீதம். 2025இல் மறுபடி பார்த்தபோது அது 1.74 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. தேடலில் மேலே வருவதற்காகச் செய்யும் வேலைக்குப் பலன் தெரிய நான்கு மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுளே ஒரு காணொளியில் சொல்லியிருக்கிறது. நீங்கள் மூன்றாவது மாதத்தில் இருக்கிறீர்கள்.

இந்தப் பொறுமை எனக்கு அப்போது இல்லை. ஐயாயிரம் ரூபாய்க்கு ஐந்நூறு இணைப்புகள் என்று ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார், கொடுத்தேன். யாருக்கும் தெரியாத ஏதேதோ தளங்களில் என் முகவரியை ஒட்டிவிட்டுப் போனார். தேடலில் ஒரு படிகூட ஏறவில்லை. 2012இல் கூகுள் தன் தேடல் முறையில் செய்த ‘பெங்குவின்’ என்ற மாற்றமே இந்தக் காசு கொடுத்து வாங்கும் சிபாரிசுகளுக்கு எதிராகக் கொண்டுவந்ததுதான். இப்போது பெரும்பாலும் இவற்றைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தண்டனை கிடைக்காமல் பணம் மட்டும் போனதே என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

என் பெரிய தவறு வேறு. ‘தையல் மிஷின் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை’ போன்ற தலைப்புகளில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இடங்களில் பெரிய விற்பனைத் தளங்களும் செய்தித்தாள்களும் ஏற்கெனவே பாய் விரித்துப் படுத்திருக்கின்றன. ‘ஓவர்லாக்கில் தையல் விட்டுவிட்டு விழுவது ஏன்’ என்று எழுதினால் அங்கே காணொளிகள் முந்திக்கொள்கின்றன. அது நியாயமும்கூட: நூலைக் கோத்துப் பின்னும் லூப்பர் என்ற பாகத்தை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடப் பார்த்துப் புரிந்துகொள்வது சுலபம். போதாததற்கு நம் ஆட்கள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள். கூகுள் சில நேரம் பொருத்திக்கொள்கிறது, சில நேரம் விட்டுவிடுகிறது.

ஒரு நாள் அப்பா சலித்துக்கொண்டார். “புதுசா சேர்ற பசங்க எல்லாம் எந்த மிஷினுக்கு எந்த ஊசின்னுதான் கேக்கறாங்க. அதை எழுதாம என்னென்னவோ எழுதிக்கிட்டு இருக்கே.” எழுதினோம். சிங்கர் என்று திருப்பூரில் சொல்லும் ஒற்றை ஊசி மிஷினுக்கு டிபி×1, ஓவர்லாக்குக்கு டிசி×27, பேட்லாக்குக்கு யூஒய் 128; பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி, எந்தத் துணிக்கு 9, எதற்கு 11, எதற்கு 14. ஒரே ஓர் அட்டவணை, கீழே அப்பாவின் நான்கு எச்சரிக்கைகள். தையல் வகுப்பு நடத்தும் ஓர் அக்கா அதைத் தன் மாணவிகளுக்கான பக்கத்தில் இணைத்தார். அதைப் பார்த்து உதிரிபாகக் கடைக்காரர் ஒருவரும் தன் தளத்தில் சேர்த்தார். நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஒன்பதாவது மாதத்தில் அந்தப் பக்கம் மட்டும் மேலே வந்தது. மற்றவை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறின. எல்லாம் அல்ல, மிஷின் வாங்கும் கட்டுரை இன்றும் கிணற்றில்தான் கிடக்கிறது. உங்கள் நாற்பதில் அந்த ஊசி அட்டவணை போன்ற பக்கம் எது என்று சர்ச் கன்சோலில் பாருங்கள். கிளிக் விழாவிட்டாலும் எந்தக் கேள்விகளுக்கு உங்கள் பக்கம் எங்கோ அடியில் காட்டப்பட்டது என்று அதில் பட்டியல் இருக்கும். அடுத்த பத்துக் கட்டுரைகளை அந்தப் பட்டியலிலிருந்து எழுதுங்கள்.

கூகுள் வழியாக வந்து எங்களை முதலில் தொலைபேசியில் அழைத்தவர் கரூர்க்காரர். கட்டுரை நன்றாக இருக்கிறது என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அட்டவணையில் இருந்த பேட்லாக் ஊசி பத்து பாக்கெட் வேண்டும் என்றார். அப்பா அன்று சாயங்காலமே பஸ் பார்சலில் போட்டுவிட்டார்.