துபாயில் ஈரானியச் சாப்பாடு: கேள்வியும் பதிலும்

துபாயில் ஈரானியச் சாப்பாடு எங்கே, எப்படி என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

முதல்முறை போகப்போகிறேன். எங்கே ஆரம்பிப்பது? பில் கையைக் கடிக்கக் கூடாது. (கராமா)

பர் துபாயில் அல் முஸல்லா சாலையில் இருக்கும் அல் உஸ்தாத் ஸ்பெஷல் கபாப். ஷரஃப் டிஜி மெட்ரோவில் (பழைய பெயர் அல் ஃபஹீதி) இறங்கி நடந்தே போய்விடலாம். 1978 முதல் நடக்கும் கடை. சுவர் முழுக்கப் போட்டோ, மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஊர் ஊராக வந்த பண நோட்டுகள். தயிரில் ஊறிய கபாப்தான் அங்கே பேர்போனது. சோற்றில் வெண்ணெயைப் போட்டு, சுட்ட தக்காளியை அதிலேயே மசித்து, மேலே சுமாக் என்கிற புளிப்பான செம்பொடியைத் தாராளமாகத் தூவுங்கள். பச்சை வெங்காயம் கடித்துக்கொள்ள.

போனேன் அண்ணா. உப்புச்சப்பே இல்லை. இதற்கா இவ்வளவு பேச்சு? (ஷார்ஜா)

காரத்தைத் தேடிப் போனால் அப்படித்தான் இருக்கும் தம்பி. அவர்கள் சமையல் புளிப்பில் நிற்கிறது. நம் ஆட்கள் கபாபோடு திரும்பி வந்துவிடுகிறார்கள்; கோரேஷ் என்கிற குழம்பு வகைகளைத் தொடுவதே இல்லை. என்னைக் கேட்டால் அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கோர்மே சப்ஸி கேளுங்கள். பார்ஸ்லி, வெந்தயக்கீரை மாதிரி இலைகளைப் பொடியாக நறுக்கி, கரும்பச்சையாகும் வரை எண்ணெயில் வதக்கி, ஆட்டுக்கறியும் ராஜ்மாவும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். உள்ளே காய்ந்த எலுமிச்சை ஒன்று முழுசாகக் கிடக்கும். அதைக் கரண்டியால் அழுத்திச் சாறை மட்டும் குழம்பில் விடுங்கள். கடித்தால் கசப்பு நாக்கைவிட்டுப் போகாது. அப்புறம் ஃபெசென்ஜான்: வால்நட்டை அரைத்து மாதுளைப் புளிப்பில் கொதிக்கவைத்த கோழி. இனிப்பும் புளிப்புமாக இருப்பதால் எல்லோருக்கும் பிடிக்காது, எனக்கு உயிர்.

எங்காவது கலியே மாஹி கிடைத்தால் விடாதீர்கள். தென் ஈரான் கடற்கரையின் மீன்குழம்பு. புளி, பூண்டு, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, கொஞ்சம் மிளகாய். நம் வீட்டு மீன்குழம்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

நான் சைவம். போகலாமா? (தேரா)

போகலாம், ஆனால் வயிறு நிறையுமா என்றால் சந்தேகம்தான். கஷ்கே பாதெம்ஜான் நல்லது: கத்தரிக்காயை மசித்து, மேலே கஷ்க் என்கிற புளித்த தயிர்க்குழைவு, வதக்கிய புதினா, வெங்காயம். மிர்ஸா காசெமியும் கத்தரிக்காய்தான், ஆனால் முட்டை சேரும். சூப்பில் கறிச்சாறு இருக்கலாம், கேட்டுவிட்டே குடியுங்கள்.

தஹ்திக் என்று போட்டிருக்கிறது, என்ன அது? (அஜ்மான்)

சட்டியின் அடியில் பொன்னிறமாக மொறுமொறுவென்று பிடித்த சோறு. சில கடைகளில் ரொட்டி அல்லது உருளைக்கிழங்கு வைத்தும் செய்வார்கள். சீக்கிரம் தீர்ந்துவிடும், உட்கார்ந்ததுமே சொல்லிவையுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். கொஞ்சம் நல்ல இடமாகச் சொல்லுங்கள்.

தேராவில் ரேடிசன் ப்ளூ ஹோட்டலில் உள்ள ஷபெஸ்தான். பர் துபாய்க்கும் தேராவுக்கும் நடுவே இருக்கும் க்ரீக் என்கிற கடல்கழியைப் பார்த்தபடி சாப்பிடலாம், ஜன்னலோர மேசையை முன்பே கேட்டு வாங்குங்கள். பில் கூடத்தான் வரும். சாயங்காலமே கிளம்பி முதலில் அல் ஃபஹீதி பழைய குடியிருப்பைக் காட்டுங்கள். ஈரானின் பஸ்தக் பக்கத்திலிருந்து வந்த வணிகர்கள் காற்றுக் கோபுரங்களோடு கட்டிய வீடுகள் அவை. பஸ்தகியா என்ற பழைய பெயரும் அவர்களால் வந்ததே. அங்கிருந்து அப்ரா என்கிற படகில் ஏறி அக்கரைக்குப் போனால் பெரியவர்களுக்கும் அலைச்சல் இல்லை.

குங்குமப்பூ வாங்க வேண்டும். ஏமாறாமல் இருக்க வழி?

தேரா மசாலா சூக்கில் (சந்தையில்) பேரம் பேசி வாங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு இழை போடச் சொல்லுங்கள். நல்ல சரக்கு மெதுவாக மஞ்சள் விடும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம். அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். காய்ந்த எலுமிச்சையும் அங்கேயே கிடைக்கும், கால் கிலோ போதும்.