தார் ரோட்டில் உங்கள் மாருதி ஜிம்னியின் 4எச்-2எச் மாற்றும் லீவர் 4எச்சை (நான்கு சக்கரங்களும் இழுக்கும் நிலை) விட்டு வரவில்லையா?

ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராக ரிவர்ஸில் பத்துப் பதினைந்து அடி எடுங்கள். ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து லீவரை 2எச்சுக்கு (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) கொண்டுவாருங்கள். பெரும்பாலும் அப்போதே விடுபடும்.

சகலேஷ்பூர் எஸ்டேட்டில் கூடாரம் போட்டுவிட்டு பெங்களூரு திரும்பும்போது ஜிம்னி வளைவுகளில் முரண்டுபிடிக்கிறது, லீவரும் அசையவில்லை என்கிறீர்கள். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று நண்பர்கள் பயமுறுத்தினாலும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசம் தீர்ந்துவிடும், தாரில் வழுக்காது. சேர்ந்துபோன முறுக்குதான் லீவரை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் தார் ஏறும் முன்பே 2எச்.

விடுபட்டதும் டேஷ்போர்டில் 4டபிள்யூடி (நான்கு சக்கர இழுப்பு) விளக்கு அணைகிறதா பாருங்கள். அப்புறம், காட்டில் டயர் காற்றைக் குறைத்திருந்தால் திரும்ப அடித்தீர்களா? டயருக்கு டயர் அழுத்தம் வேறுபட்டாலும் முறுக்கு கூடும்.

ஹாசன் நெடுஞ்சாலையில் மட்டும் ரிவர்ஸ் எடுக்காதீர்கள், ஏதாவது பெட்ரோல் பங்குக்குள் போய்ச் செய்யுங்கள். லீவரைக் காலால் உதைக்கவும் வேண்டாம். கரகர சத்தமோ அடியில் எண்ணெய்க் கசிவோ இருந்தால் ஓட்டாமல் டோ பண்ணிவிடுங்கள்.