கல்வெட்டில் அம்மாவைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: அம்மா இரண்டு வாரங்களுக்கு முன் காலமானார். 31ஆம் நாள் கல்வெட்டுக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அவர் வேலைக்குப் போனதில்லை. கனடாவுக்கு வந்து எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்கு என்ன எழுதலாம்?

பதில்:

நீங்கள் எழுதியிருக்கும் அதே "அவ்வளவுதான்" என்ற சொல்லை நானும் 2017ஆம் ஆண்டு, அம்மா இறந்து பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, அச்சகத்துக்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். ஆகவே உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் அச்சிட்டதைப் போல நீங்களும் அச்சிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே கல்வெட்டு என்பது கோயில் சுவரில் வெட்டியது அல்ல. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிக் கிரியையன்று வருபவர்கள் கையில் கொடுக்கும் நினைவு மலரை அப்படித்தான் அழைப்போம். நாங்கள் அடித்தது 48 பக்கம். முதலில் அம்மாவின் படம், அடுத்துத் துர்முகி ஆண்டு தை மாதம் என்று தொடங்கி இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, பிறகு பஞ்சபுராணம், சிவபுராணம், உறவினர்களின் இரங்கலுரைகள், விரித்தால் மேசை அளவுக்கு வரும் வம்சவிருட்சம், கடைசியில் நன்றி நவிலல். அம்மாவின் வாழ்க்கைக்கு அதில் கிடைத்தது ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்திலும் இணுவிலைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட அன்னார் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னின்ன பட்டம் பெற்றவர்களின் தாயார், மாமியார், பாட்டியார் என்று மற்றவர்களின் பெயர்களே நிறைந்திருந்தன. தேவாரம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அம்மாவே தினமும் மாலையில் சிவபுராணம் படித்தவர்தான். நான் சொல்வது அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பற்றி மட்டுமே.

அம்மா 1938இல் பிறந்தவர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, நடக்க முடியாத அப்பாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனவர். கல்வெட்டில் அது "இடம்பெயர்ந்து" என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. அப்பா அங்கேயே மறு ஆண்டு இறந்தார். நான் ஸ்பொன்சர் செய்து, அம்மா கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் பல மாதங்கள் காத்திருந்து, 1999 ஒக்டோபரில் ரொறன்ரோ வந்து இறங்கினார்.

அந்த ஸ்பொன்சர் பத்திரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மாவுக்கு உணவு, உடை, உறைவிடம் ஆகிய அனைத்தையும் பத்து ஆண்டுகளுக்கு நானே வழங்குவேன் என்று அதில் கையொப்பமிட்டிருக்கிறேன். (2014 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு அது இருபது ஆண்டு.) அரசாங்கத்தின் கணக்கில் நான் அவரைப் பராமரித்தேன். வீட்டில் நடந்தது வேறு. எனக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, மனைவிக்குக் காலை ஏழு மணிக்கு வேலை. மகளுக்கு அப்போது ஒரு வயது, மகன் 2001இல் பிறந்தான். இரண்டு பேரையும் காப்பகத்தில் விட்டிருந்தால் மனைவியின் சம்பளத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போயிருக்கும், 2006இல் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு முன்பணம் சேர்ந்திருக்காது. அந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தில் என் பெயரும் மனைவியின் பெயரும் இருக்கின்றன.

அதற்கு முன் ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாவது தளத்தில் இருந்தோம். கடைத்தூள் அம்மாவுக்குப் பிடிக்காது. மாதம் ஒருமுறை செத்தல் மிளகாயும் மல்லியும் வறுப்பார், வறுத்த மறுநிமிடம் புகை எச்சரிக்கை மணி அலறும். கட்டட நிர்வாகத்திடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்த பின் நான் வறுக்கவே வேண்டாம் என்று சத்தம் போட்டேன். அவர் பதில் பேசவில்லை. அடுத்த மாதம் நான் வேலை முடிந்து வந்தபோது, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று கூரையில் இருந்த அந்த மணிக்கு மாட்டப்பட்டிருந்தது. எல்லாச் சன்னல்களும் திறந்திருக்க, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அம்மா குளிரங்கியும் கையுறையும் அணிந்தபடி அடுப்படியில் நின்று மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். தீ விபத்துக்கு வழி என்று யாராவது கருத்து எழுதுவீர்கள். சரிதான், யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

இனி நாங்கள் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மொன்றியலில் இருக்கும் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோதெல்லாம் அம்மாவைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினோம். சரக்குத் தூள் இடித்து, பத்தியக் கறி வைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, நான்கைந்து மாதங்களில் திரும்பி வருவார், வந்த மறுநாள் காலையிலேயே இங்குள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போவார். "அம்மா, இந்த முறை எங்கே இருக்க விருப்பம்?" என்று நானோ தங்கையோ ஒருநாளும் கேட்டதில்லை. யாருக்கு எப்போது தேவை என்பதை நாங்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் பேசி முடித்த பிறகு, எந்தப் பேருந்து என்பதை மட்டும் அவரிடம் சொல்வோம்.

கனடாவின் முதியோர் ஓய்வூதியத்துக்கு இந்த நாட்டில் குறைந்தது பத்து ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு முழுத் தொகையில் கால்வாசி, அதோடு வருமானம் குறைந்தவர்களுக்கான மேலதிகக் கொடுப்பனவு. அம்மாவுக்கு அந்தப் பத்து ஆண்டு 2009 ஒக்டோபரில் நிறைந்தது. அதுவரை ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் முதல் நாள் இரவு, புதுத்தாள்களை நான் வங்கியில் மாற்றி வந்து யாருக்கும் தெரியாமல் அவர் கையில் வைப்பேன். காலையில் அவர் அதையே பேரப்பிள்ளைகளுக்குக் கைவிசேடமாகக் கொடுப்பார். 2010ஆம் ஆண்டு வழக்கம்போல் தாள்களை நீட்டினேன். "வேண்டாம் தம்பி, என்ரை காசு கிடக்கு" என்றார். விடிந்ததும் முதல் கைவிசேடம் எனக்கு. வெற்றிலைக்குள் இருபது டொலர். அப்போது எனக்கு வயது நாற்பத்தைந்து.

பேரப்பிள்ளை பார்ப்பது எல்லா அம்மாக்களும் செய்வதுதானே, இதையெல்லாம் கல்வெட்டில் எழுதுவார்களா என்று சிலர் கேட்பீர்கள். இறந்தவரின் மருமகன் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார் என்பதை எழுதலாம் என்றால், இதையும் எழுதலாம் என்பது என் எண்ணம்.

அம்மாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மாலையில் ஒரு சீனப் பாட்டி தன் பேத்தியோடு வந்தார். முன்பின் தெரியாதவர். மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டு, பேத்தி மொழிபெயர்க்க என்னோடு பேசினார். என் மகனும் அவருடைய பேரனும் ஒரே வகுப்பாம். ஆறு ஆண்டுகள் பின்னேரம் மூன்றே கால் மணிக்கு இரண்டு கிழவிகளும் பள்ளி வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. வெளியே வரும் பிள்ளைகளில் யாருடைய குளிரங்கி திறந்திருந்தாலும், அது எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும், அம்மா மறித்து நிறுத்தி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுத்தான் அனுப்புவாராம். அம்மா சொல்லும் இரண்டு சொற்கள் அந்தப் பாட்டிக்குப் பாடமாகியிருந்தன. பொருள் தெரியாமலே, என் முன்னால் நின்று, தன் கழுத்தருகே கையைக் கொண்டுபோய்க் காட்டிச் சொன்னார்: "பூட்டு, பிள்ளை."

கல்வெட்டு அச்சுக்குப் போனது அதற்கு இரண்டு வாரங்களுக்குப் பின்புதான். எழுத நேரம் இருந்தது, இடமும் இருந்தது. ஆனால் இலண்டனில் இருக்கும் அண்ணா, தன் நிறுவனத்தின் பணிப்பாளர் அனுப்பிய இரங்கல் கடிதத்துக்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்றார். அம்மாவை அவர் கடைசியாகப் பார்த்தது 2008இல் என்பதை இங்கே எழுதியிருக்க வேண்டியதில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும். நான் அவரோடு வாதாடவில்லை. அச்சகத்துக்காரர் கேட்டபோதும் "வீட்டிலைதான் இருந்தவ, அவ்வளவுதான்" என்றே சொன்னேன். 400 பிரதி அடித்ததில் இரண்டு பெட்டி இன்னும் நிலக்கீழ் அறையில் கிடக்கிறது.

உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் உங்கள் பிள்ளைகளிடமும் உங்கள் அம்மாவோடு பள்ளி வாசலிலும் பேருந்திலும் கோயில் மடைப்பள்ளியிலும் நின்றவர்களிடமும் கேளுங்கள், உடன்பிறந்தவர்களிடம் பிறகு கேட்கலாம். உங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள், சொன்னபடியே எழுதிக்கொண்டு பின்னர் தமிழாக்குங்கள். அச்சகத்தில் 24ஆம், 25ஆம் நாளுக்குள் எல்லாவற்றையும் கேட்பார்கள். வம்சவிருட்சத்தில் தன் பெயர் விடுபட்டுவிட்டது என்று அந்த வாரம் முழுவதும் தொலைபேசி வரும். அந்த அழைப்புகளை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு எழுத உட்காருங்கள்.